உடலில்லா இறப்பும் நடுகல் மரபும்: கடற்போரில் மறைந்தோர் நினைவு – மைசூரு வட்டாரத்தை முன்வைத்து

முன்னுரை

போரில் வீழ்ந்தோரைக் கல்லில் நிறுத்தி வழிபடும் வழக்கம் தமிழகத்துக்கும் கன்னட நாட்டுக்கும் பொதுவானது. தமிழர் நடுகல் என்றதைக் கன்னடர் வீரகல்லு என்பர். இவ்வழக்கம் பெரும்பாலும் நிலத்தில் நிகழ்ந்த இறப்பைச் சார்ந்தது. ஆநிரை மீட்டும், ஊர் காத்தும், வேட்டையிலும் இறந்தவர்க்கு அவர்தம் ஊரிலோ அதன் அருகிலோ கல் எழுந்தது. கடலில் இறந்தவர் நிலை வேறு. அவர்க்கு உடலும் இல்லை, விழுந்த இடம் என்று சுட்டத்தக்க மண்ணும் இல்லை. அவ்வாறு மறைந்தவரை அவர்தம் குடும்பம் எவ்வாறு நினைவில் நிறுத்துகிறது என்னும் வினாவை இக்கட்டுரை எடுத்துக்கொள்கிறது. 1971ஆம் ஆண்டு டிசம்பர் 9 அன்று மூழ்கிய இந்தியக் கடற்படைக் கப்பல் குக்ரியின் நிகழ்வு முதன்மைச் சான்றாகக் கொள்ளப்படுகிறது. மைசூரு வட்டாரத்தின் வீரக்கல், நீத்தார் கடன், மைசூர் என்னும் பெயர் தாங்கிய போர்க்கப்பல் ஆகியன அதனோடு இணைத்து நோக்கப்படுகின்றன. நடுகல் என்பது உடலின்மேல் எழும் அடையாளமன்று, பெயரின்மேல் எழுவது என்பது இக்கட்டுரையின் கருதுகோள்.

குக்ரியின் இறுதி

குக்ரி, பிரித்தானியாவில் கட்டப்பட்டு இந்தியக் கடற்படையில் சேர்க்கப்பட்ட நீர்மூழ்கி எதிர்ப்புப் போர்க்கப்பல். கிர்பான், குடார் ஆகியன அதன் உடன்பிறப்புக் கப்பல்கள். மூன்றும் படைக்கலப் பெயர்களைத் தாங்கியவை. 1971ஆம் ஆண்டுப் போரின்போது மேற்குக் கடலில் பாகிஸ்தானிய நீர்மூழ்கியைத் தேடி அழிக்கும் பணியில் குக்ரியும் கிர்பானும் ஈடுபட்டிருந்தன. டிசம்பர் 9ஆம் நாள் இரவு 9 மணிக்குச் சற்று முன்னர், டையூவுக்கு அப்பால் ஏறத்தாழ 40 கடல்மைல் தொலைவில், ஹங்கோர் என்னும் பாகிஸ்தானிய நீர்மூழ்கி செலுத்திய நீர்மூழ்கிக் குண்டு குக்ரியைத் தாக்கியது. சில நிமிடங்களுக்குள் கப்பல் மூழ்கியது. அதிகாரிகள் 18 பேரும் மாலுமிகள் 176 பேருமாக 194 பேர் இறந்தனர். உயிர் பிழைத்தோர் அதிகாரிகள் 6 பேர், மாலுமிகள் 61 பேர். கச்சால் என்னும் கப்பல் அவர்களை மீட்டது. விடுதலைக்குப் பிந்தைய இந்தியக் கடற்படை வரலாற்றில் போரில் இழந்த ஒரே பெருங்கப்பல் இதுவே.

கப்பலின் தலைவர் மகேந்திரநாத் முல்லா, 1926ஆம் ஆண்டு மே 15 அன்று கோரக்பூரில் பிறந்தவர். கப்பல் சாய்ந்துகொண்டிருந்தபோது தம் வீரர்களை வெளியேறச் செய்தார். இயன்றவரை பலரை வெளியேற்றிய பின்னர், இன்னும் எவரையேனும் காக்க இயலுமா என்று பார்க்கக் கப்பலின் மேடைக்குத் திரும்பினார். கப்பலோடு அவர் மூழ்கியதே பிறர் கண்ட இறுதிக் காட்சி. தம் உயிர்காப்பு மேலாடையை ஒரு மாலுமிக்குக் கொடுத்தார் என்பதும் பிழைத்தோர் வழி வந்த செய்தி. இறப்புக்குப் பின் அவர்க்கு மகாவீர் சக்கரம் வழங்கப்பட்டது.

இங்கு ஒரு செய்தி கூர்ந்து நோக்கத்தக்கது. 194 பேருடைய இறுதி நேரத்தைக் கண்டவர்கள் 67 பேர் மட்டுமே. அவர்களும் இருளிலும் எண்ணெய் படர்ந்த நீரிலும் தம் உயிரைக் காத்துக்கொள்ளப் போராடியவர்கள். ஒரு குடும்பத்துக்குத் தம் மகனின் அல்லது கணவனின் இறுதி பற்றிக் கிடைக்கக்கூடியது, அவரைக் கண்ட யாரேனும் பிழைத்திருந்தாலன்றி எதுவுமில்லை. உடலுக்கு மாற்றாக நின்றது சாட்சியின் சொல். ஓய்வுபெற்ற மேஜர் ஜெனரல் இயான் கார்டோசோ 2006இல் வெளியிட்ட நூல், பிழைத்தோர் கூறியவற்றையும் இழந்த குடும்பங்களின் நினைவுகளையும் ஒருங்கே தொகுத்தது. நிகழ்வுக்கு 35 ஆண்டுகளுக்குப் பின்னரும் அத்தகைய தொகுப்பு தேவைப்பட்டது என்பதே, அந்தச் சொல் குடும்பங்களுக்கு எத்துணை இன்றியமையாதது என்பதைக் காட்டும். முல்லாவின் மகளும் கல்வியாளருமான அமீதா முல்லா வத்தல், தந்தையைப் பற்றிப் பொதுவெளியில் தொடர்ந்து பேசிவந்தவர். தலைவனின் குடும்பத்துக்குப் பலர் கண்ட காட்சி ஒன்று எஞ்சியது. கப்பலின் அடித்தளத்தில், எந்திர அறையில், சமையற்கூடத்தில் இருந்த மாலுமிகளின் குடும்பங்களுக்கு அதுவும் எஞ்சவில்லை.

காத்திருப்பும் இலக்கண மரபும்

கடலில் மறைந்தவரின் குடும்பம் நிற்கும் நிலையைத் தமிழ்ப் பொருளிலக்கணத்தின் துணைகொண்டு வரையறுக்க முற்படும்போது ஓர் இடைவெளி புலப்படுகிறது. வினைமேற் சென்ற தலைவன் மீள்வான் என ஆற்றியிருத்தல் முல்லை. கடற்கரையில் நின்று இரங்குதல் நெய்தல். இவை இரண்டும் உயிரோடிருப்பவனை நோக்கியவை. கணவனை இழந்தவள் நோற்கும் நோன்பைத் தாபத நிலை எனத் தொல்காப்பியம் காஞ்சித் திணையில் வைக்கிறது. தலைவன் இறந்தவழிப் பிறர் செயலற்று வருந்துதல் கையறுநிலை. இவை இறப்பு உறுதிப்பட்டபின் எழுபவை. இறந்தானா, இருக்கின்றானா எனத் தெரியாது நிற்பவளின் நிலைக்குத் தனித்துறை இல்லை. அவள் முல்லைக்கும் தாபதத்துக்கும் நடுவே நிற்கிறாள்.

கடல்வழிப் பிரிவில் மகளிரை உடனழைத்துச் செல்லும் வழக்கம் இல்லை எனத் தொல்காப்பியம் கூறுவதும் ஈண்டு எண்ணத்தக்கது. கடல் செல்வோன் ஆண், கரையில் இருப்போள் பெண் என்ற அமைப்பு அன்றே வகுக்கப்பட்டுள்ளது. எனவே கடல் இழப்பின் துயர் தொடக்கம் முதலே கரையில் இருப்பவரின் துயராகிறது.

சட்டமும் இவ்விடைநிலையை அறிந்திருந்தது. ஒருவரைப் பற்றி இயல்பாகச் செய்தி அறியவேண்டியவர்கள் ஏழு ஆண்டுகள் எதுவும் கேள்விப்படாதிருந்தால், அவர் உயிரோடிருக்கிறார் எனக் கூறுபவரே அதை மெய்ப்பிக்க வேண்டும் என 1872ஆம் ஆண்டின் இந்தியச் சாட்சியச் சட்டம் 108ஆம் பிரிவில் வகுத்தது. கப்பல் மூழ்கியதற்கு நேர்ச் சாட்சி இருக்கும்போது அத்துணைக் காலம் காத்திருக்க வேண்டிய தேவை பொதுவாக எழுவதில்லை. படைத்துறையும் அரசும் இறப்பை ஏற்கும். ஆயினும் அரசு ஏற்ற நாளும் குடும்பம் ஏற்ற நாளும் ஒன்றாக இருப்பதில்லை. மீட்கப்பட்டோருள் ஒருவனாக, பகைவர் கையில் சிறைப்பட்டோருள் ஒருவனாகத் தம்மவன் இருக்கக்கூடும் என்னும் எண்ணத்துக்குச் சட்டம் முடிவு கட்ட இயலாது. உடலைக் காணுதல் துயரைப் பெருக்குவது மட்டுமன்று, அதற்கு ஓர் எல்லையையும் வகுப்பது. கடல் அந்த எல்லையை மறுக்கிறது.

மைசூரு வட்டார வீரக்கற்கள்

கடற்கரை இல்லாத மைசூரு, கல்லில் நினைவை நிறுத்தும் மரபில் வளம் மிக்க வட்டாரம். பி.எல். ரைஸ் தொகுத்த கர்நாடகக் கல்வெட்டுத் தொகுதிகளில் மைசூர் மாவட்டக் கல்வெட்டுகள் தனியிடம் பெற்றவை. இந்தியத் தொல்லியல் துறையின் கல்வெட்டுப் பிரிவு மைசூருவில் இயங்கியதால், தமிழ்க் கல்வெட்டுகளின் மைப்படிகளும் நீண்ட காலம் அந்நகரில் வைக்கப்பட்டிருந்தன. நினைவுக்கற்களை ஆராயும் தமிழறிஞர்க்கு அந்நகர் அயலன்று.

இவ்வட்டாரத்து இரு கற்கள் இவ்வாய்வுக்கு ஒளி தருகின்றன. முதலாவது, திருமகூடலு நரசீபுரத்தை அடுத்த தொட்டஹுண்டியில் கிடைத்த 9ஆம் நூற்றாண்டுக் கல். மேலைக் கங்க அரசன் நீதிமார்க்கனின் இறப்பை அது சிற்பமாகக் காட்டுகிறது. அரசன் படுத்திருக்க, பணியாளன் ஒருவன் தாங்கியிருக்க, மகன் அருகில் உள்ளான். இறப்பவனின் உடல், தாங்கும் கை, காணும் மகன் ஆகிய மூன்றும் ஒரே கல்லில் இடம்பெறுகின்றன. குடும்பம் விரும்பும் இறப்பின் முழுமையான வடிவம் இது எனலாம். கடலில் மகனை இழந்த குடும்பம் இழப்பது உயிரை மட்டுமன்று, இந்தக் காட்சி முழுவதையுமே.

இரண்டாவது, இன்றைய மண்டியா மாவட்டத்து ஆதகூர்க் கல். 10ஆம் நூற்றாண்டின் இடைப்பகுதியைச் சேர்ந்த இது, சோழன் இராசாதித்தன் வீழ்ந்த தக்கோலப் போரைக் குறிப்பதால் தமிழக வரலாற்றுக்கும் முதன்மையானது. ஆயினும் கல் எழுப்பப்பட்டது காளி என்னும் வேட்டை நாய்க்காக. காட்டுப்பன்றியோடு பொருது அதனோடு இறந்த அந்நாய்க்குக் கல் நாட்டி நிலமும் விடப்பட்டது. அக்கல்லுக்குப் பூசை செய்யாமல் உண்ணும் பூசகன் பழிக்கு உள்ளாவான் என்றும் கல்வெட்டு விதிக்கிறது. ஒரு பேரரசன் வென்ற போரும் ஒரு நாயின் பெயரும் ஒரே கல்லில் நிற்பதிலிருந்து, நினைவு பெறும் தகுதியை நடுகல் மரபு பதவியால் அளக்கவில்லை என்பது தெளிவாகும். பெயரும் செயலும் தெரிந்தால் போதும், கல் எழும். தமிழகத்துச் செங்கம் வட்டார நடுகற்களும் தேனி மாவட்டப் புலிமான்கோம்பையில் 2006இல் கண்டறியப்பட்ட தமிழி எழுத்துடைய நடுகற்களும் இதனை உறுதிப்படுத்துகின்றன.

இவற்றுள் கடலில் இறந்தவன் எங்கே என்னும் வினா எழுகிறது. மும்பை போரிவலியை அடுத்த ஏக்சர் என்னுமிடத்து வீரக்கற்களில் துடுப்புகளோடு கூடிய போர்க்கப்பல்கள் செதுக்கப்பட்டுள்ளன. கடற்போர் இறப்புக்கும் கல் எழுப்பும் வழக்கம் இருந்தது என்பதற்கு அவை சான்று. தமிழகத்தைப் பொறுத்தவரை, கடல் பிறக்கோட்டிய செங்குட்டுவன் என்று சேரனையும், கடாரம் கொண்டான் என்று சோழனையும் கடல்வெற்றிகளால் அழைத்தனர். அவ்வெற்றிகளில் மூழ்கிய மாலுமிகளின் பெயர்களை மெய்க்கீர்த்திகள் சொல்வதில்லை. வேந்தன் புகழைப் பாடுவதே அவற்றின் நோக்கம். கரையில் அவர்களுக்காகக் காத்திருந்த குடும்பங்கள் என்ன செய்தன என்பதை இலக்கிய மரபின்வழி ஊகிக்கவே இயலும்.

உடல் இன்றி எழுந்த கல்

தொல்காப்பியம் வெட்சித் திணையில் நடுகல் அமைப்பைக் காட்சி, கால்கோள், நீர்ப்படை, நடுதல், பெரும்படை, வாழ்த்தல் என ஆறு நிலைகளாகப் பகுக்கிறது. தகுந்த கல்லைக் காண்பது, அதனைக் கொள்வது, நீராட்டுவது, நாட்டுவது, படையலிட்டுச் சிறப்புச் செய்வது, வாழ்த்துவது என்பன அவை. இவ்வாறு நிலைகளுள் ஒன்றிலேனும் இறந்தவனின் உடல் இடம்பெறவில்லை. நீராட்டப்படுவது கல், படையல் பெறுவதும் கல். உடலுக்குச் செய்யும் கடன்கள் அனைத்தும் கல்லுக்கு மாற்றப்படுகின்றன.

சிலப்பதிகார வஞ்சிக் காண்டம் இதற்குத் தலையாய எடுத்துக்காட்டு. கண்ணகிக்கு உடல் இல்லை. அவள் விண்ணுலகு சென்றதைக் கண்டவர்கள் மலைவாழ் குறவர். அவர்கள் கூறிய சொல்லே சேரன் செங்குட்டுவனை இமயம்வரை செலுத்தியது. சாட்சியின் சொல், தொலைவிலிருந்து கொணர்ந்த கல், கங்கையில் நீர்ப்படை, வஞ்சியில் வழிபாடு என்னும் வரிசையில் காப்பியம் நடக்கிறது. இறந்த இடமும் கல் எடுத்த இடமும் வேறு வேறு. இருந்தும் நினைவு குறையவில்லை. குக்ரியில் பிழைத்தவர்கள் கரை சேர்ந்து சொன்ன சொல்லுக்கும், குறவர் சொல்லுக்கும் உள்ள ஒப்புமை தற்செயலன்று. உடல் இல்லாதவிடத்து நினைவு தொடங்குவது கண்டவர் சொல்லிலேயே என்பது இரண்டிலும் பொதுவாகிறது.

காவிரிக்கரையும் மகாளய அமாவாசையும்

மைசூருவிலிருந்து ஏறத்தாழ 15 கி.மீ. தொலைவில் உள்ளது ஸ்ரீரங்கப்பட்டணம். காவிரி அங்கு மேற்கு நோக்கித் திரும்பும் பச்சிமவாகினியில் நீத்தார் சாம்பலைக் கரைப்பது மைசூரு வட்டாரத்தாரின் வழக்கம். காந்தியடிகளின் சாம்பல் 1948இல் கரைக்கப்பட்ட இடங்களுள் இதுவும் ஒன்று. கடலில் உறவினரை இழந்த குடும்பத்துக்கு அக்கரையில் கரைக்கச் சாம்பல் இல்லை. அந்நிலைக்கும் மரபு வழி கண்டுள்ளது. உடல் கிடைக்காதவர்க்குத் தருப்பையாலோ இலைகளாலோ உருவம் செய்து எரியூட்டும் முறையைக் கருட புராணம் கூறுகிறது. இயல்பு மீறிய இறப்புக்கு நாராயண பலி செய்வதும் அக்கரையில் வழக்கில் உண்டு. கல் செய்யும் வேலையைப் புல் செய்கிறது. பொருள் வேறாயினும் கருத்து ஒன்றே. இறந்தவருக்கு ஓர் உரு வேண்டும், அவ்வுருவுக்குக் கடன் செய்யப்பட வேண்டும்.

ஆண்டுதோறும் நினைவைப் புதுப்பிப்பது மகாளய அமாவாசை. பழைய மைசூர்ப் பகுதியின் பல குடும்பங்கள் அந்நாளில் முன்னோரின் படங்களுக்கு முன் சோறும் கறியும் இனிப்பும் புதுத்துணியும் வைத்து வழிபடுகின்றன. இதனைக் கன்னடத்தில் எடெ இடுதல் என்பர். தொல்காப்பியம் கூறும் பெரும்படையும், தமிழ்நாட்டுச் சிற்றூர்ப் படையலும், மைசூர் எடெயும் ஒரே வேரின் கிளைகளாகக் கருதத்தக்கவை. படையல் வைக்க உடல் அடக்கமான இடம் தேவையில்லை. இறந்தவர் விரும்பி உண்டது எது என்பதை அறிந்தவர் ஒருவர் வீட்டில் இருந்தால் போதும். குடும்ப நினைவின் தனித்தன்மை இதுவே. அரசு நினைவில் வீரன் எவ்வாறு இறந்தான் என்பது நிற்கும். குடும்ப நினைவில் அவன் எவ்வாறு வாழ்ந்தான் என்பது நிற்கும்.

மகாளய அமாவாசைக்கு மறுநாள் நவராத்திரி தொடங்குகிறது. மைசூரு உலகறிந்த தசராவுக்குள் நுழைவதும் அன்றே. வெற்றியைக் கொண்டாடும் விழாவின் வாயிலில் நீத்தாரை நினைக்கும் நாள் அமைந்திருப்பது, போரில் உறவினரை இழந்த குடும்பத்துக்கு ஆழ்ந்த பொருளுடையது.

பெயர் தாங்கும் கப்பல்கள்

கடற்படை தனக்கெனக் கொண்டுள்ள நினைவு முறை, மூழ்கிய அல்லது ஓய்ந்த கப்பலின் பெயரைப் புதிய கப்பலுக்கு இடுவதாகும். மைசூர் என்னும் பெயரே இதற்குச் சான்று. பிரித்தானியக் கடற்படையில் நைஜீரியா எனப் பெயர் பெற்றிருந்த போர்க்கப்பல், 1942 ஆகஸ்டில் மால்டாவுக்குச் சரக்குக் கப்பல்களைக் காத்துச் சென்றபோது ஆக்சம் என்னும் இத்தாலிய நீர்மூழ்கியால் தாக்கப்பட்டது. அதில் 52 பேர் இறந்தனர். சேதமுற்றும் மூழ்காத அக்கப்பலை இந்தியா விலைக்கு வாங்கி, 1957 ஆகஸ்ட் 29 அன்று மைசூர் என்னும் பெயரில் கடற்படையில் சேர்த்தது. 1971ஆம் ஆண்டுப் போரில் மேற்குக் கடற்படை அணியின் தலைமைக் கப்பல் அதுவே. கடலில்லா மைசூரின் பெயர், குக்ரி மூழ்கிய அதே போரில் அதே கடலில் முன்னின்றது. 1985இல் அக்கப்பல் ஓய்வு பெற்றது. 1999 ஜூன் 2 அன்று அப்பெயரில் புதிய போர்க்கப்பல் சேர்க்கப்பட்டது.

குக்ரியின் பெயரும் அவ்வாறே தொடர்ந்தது. 1989 ஆகஸ்ட் 23 அன்று சேர்க்கப்பட்ட புதிய குக்ரி, 2021 டிசம்பரில் ஓய்வு பெற்றது. பின்னர் அது டையூவுக்குக் கொண்டுசெல்லப்பட்டு, பழைய குக்ரி மூழ்கிய கடலுக்கு அருகிலேயே அருங்காட்சியகமாக வைக்கப்பட்டது.

கப்பலின் பெயர் தொடர்ந்தால் மாலுமியின் பெயர் தொடருமா? இங்குதான் அரசு நினைவின் குறை தெரிகிறது. டையூக் குன்றின்மேல் குக்ரி நினைவிடம் திறக்கப்பட்டது 1999 டிசம்பரில். நிகழ்வுக்கும் அதற்கும் இடையே 28 ஆண்டுகள் கழிந்தன. மகனை எண்ணி வாழ்ந்த பெற்றோருள் பலருக்கு அது காலம் கடந்த செயல். புதுதில்லியில் தேசியப் போர் நினைவகம் திறக்கப்பட்டது 2019 பிப்ரவரி 25 அன்று. அங்கு 25,942 வீரர்களின் பெயர்கள் தனித்தனிக் கருங்கற்பலகைகளில் பொறிக்கப்பட்டன. அதிகாரி, மாலுமி என்னும் வேறுபாடின்றி ஒவ்வொருவருக்கும் ஒரு கல் என்னும் அம்முறை நடுகல் மரபுக்கு மிக அணுக்கமானது.

உலகப் போர்க்கால நினைவுகளோடு ஒப்பிட்டால் இதன் அருமை புலனாகும். இரண்டாம் உலகப் போரில் கடலையன்றி வேறு புதையிடம் இல்லாத பிரித்தானியக் கடற்படையினர் பெயர்கள் சாத்தம், போர்ட்ஸ்மவுத், பிளிமவுத் துறைமுக நினைவுத்தூண்களில் ஊரறியப் பொறிக்கப்பட்டன. அதே போரில் மறைந்த ராயல் இந்தியக் கடற்படையினர் சுமார் 400 பேர், இந்திய வணிகக் கப்பல் பணியாளர் ஏறத்தாழ 6,000 பேர் ஆகியோர் பெயர்கள் மும்பையிலும் சட்டோகிராமிலும் வைக்கப்பட்ட ஏடுகளில் எழுதப்பட்டன. தூணில் உள்ள பெயரை வழிப்போக்கனும் காண்பான். ஏட்டில் உள்ள பெயரைத் தேடி வருபவனே காண்பான்.

முடிவுரை

மேற்கண்டவற்றால் பின்வரும் கருத்துகள் பெறப்படுகின்றன.

கடற்போரில் மறைந்தவரின் குடும்பம், இறப்புக்கும் இருப்புக்கும் இடைப்பட்ட நிலையில் நிற்கிறது. முல்லைக்கும் தாபத நிலைக்கும் நடுவிலுள்ள அந்நிலை, பொருளிலக்கணத்தில் பெயரிடப்படாதது.

உடல் இல்லாதவிடத்து நினைவு மூன்று வழிகளில் நிலைபெறுகிறது. கண்டவர் சொல் முதலாவது, உருவமும் படையலும் இரண்டாவது, பெயரைத் தாங்கும் கல்லும் கப்பலும் மூன்றாவது. நடுகல் மரபு இம்மூன்றையும் முன்பே தன்னுள் கொண்டிருந்தது. சிலப்பதிகாரக் கண்ணகி கல் அதன் நிறைவடிவம்.

காவிரிக்கரைக் கடன்களும் எடெ வழக்கமும் அம்மரபு கடலில்லா மைசூரு வட்டாரத்திலும் உயிர்ப்புடன் இருப்பதைக் காட்டுகின்றன. காவிரி கலப்பது வங்கக் கடலில். குக்ரி கிடப்பது அரபிக் கடலின் அடியில். ஆயினும் கரையில் நின்று நீர் விடுபவர்க்குக் கடல் ஒன்றே.

ஆதகூரில் ஒரு வேட்டை நாயின் பெயர் ஆயிரம் ஆண்டுகள் கடந்து நிற்கிறது. குக்ரியின் 176 மாலுமிகளுள் ஒவ்வொருவருக்கும் ஒரு பெயர் இருந்தது, அப்பெயரை வீட்டில் அழைத்தவர் ஒருவரும் இருந்தார். குடும்ப நினைவுகள் ஒரு தலைமுறைக்குமேல் வாய்மொழியாக நிற்றல் அரிது. ஊர்தோறும் அத்தகைய குடும்பங்களின் நினைவுகளைத் திரட்டிப் பதிவு செய்தல், நடுகல் ஆய்வைத் தமக்குரிய துறையாகக் கொண்ட தமிழறிஞர் மேற்கொள்ளத்தக்க பணியாகும்.